மின்சாரம் நின்றால் தண்ணீர் எங்கே போகும்? மீன் தொட்டிக்குள் ஒரு கலிங்கு

வரவேற்பறையில் நான்கடி நீள மீன் தொட்டி. அதன் கீழே, அலமாரிக்குள் இன்னொரு சிறிய தொட்டி. இரண்டுக்கும் இடையே இரவும் பகலும் தண்ணீர் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. நள்ளிரவில் இடி இடித்து மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. பம்பு நிற்கிறது. வீட்டில் எல்லாரும் உறக்கத்தில் இருக்கிறார்கள். மேலே உள்ள 270 லிட்டர் தண்ணீரில் எவ்வளவு கீழே இறங்கும்? கீழ்த் தொட்டி அதைத் தாங்குமா, இல்லை காலையில் எழும்போது கூடம் முழுவதும் ஈரமாக இருக்குமா?

இதற்கு விடை சொல்ல மின்தடை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓர் அளவுகோலும் ஒரு காகிதமும் ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் ‘அழுத்தம்’ பாடமும் இருந்தால் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம்.

நாட்டின் அலங்கார மீன் உற்பத்தியில் முன்னணியில் இருக்கும் மாநிலம் நம் ஜொகூர். கெலாங் பாத்தாவிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் மீன் வளர்ப்பது பலருக்குப் பழகிய பொழுதுபோக்கு. முன்பெல்லாம் ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு காற்றுப் பம்பும் போதும். இப்போது இளைஞர்கள் பலர் பெரிய தொட்டிக்கும் கடல்நீர்த் தொட்டிக்கும் மாறுகிறார்கள். அப்போது ‘சம்ப்’ எனப்படும் கீழ்த் தொட்டியும் ‘ஓவர்ஃபுளோ’ என்று கடைக்காரர்கள் சொல்லும் வழிநீர் அமைப்பும் சேர்ந்தே வருகின்றன. மாலையானால் இடிமழை பெய்வதும், மின்பெட்டியில் சுவிட்ச் தானாக விழுவதும் இங்கே சகஜம். ஆகவே இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது மீன் பிரியர்களுக்கு மட்டுமல்ல, அந்த வீட்டில் இருப்பவர்கள் அனைவருக்கும் பயன்படும்.

இரண்டு தொட்டி, ஒரு சுற்று

மேல் தொட்டியின் ஒரு மூலையில் அல்லது பின்சுவரில் சிறிய பெட்டி ஒன்று இருக்கும். அதன் மேல்விளிம்பு சீப்பின் பற்கள்போல வெட்டப்பட்டிருக்கும். நீர்மட்டம் அந்த விளிம்பைத் தாண்டியதும் தண்ணீர் பெட்டிக்குள் வழிகிறது. பெட்டியின் அடியில் உள்ள குழாய் வழியே கீழ்த் தொட்டிக்கு இறங்குகிறது. அங்கே பஞ்சு, வடிகட்டிக் கற்கள் ஆகியவற்றைக் கடந்து கடைசி அறைக்கு வருகிறது. அந்த அறையில் இருக்கும் பம்பு அதை மீண்டும் மேலே தள்ளுகிறது.

இப்படிச் சுற்றிவிடுவதில் பல நன்மைகள் உண்டு. வடிகட்டி, சூடேற்றி போன்ற கருவிகளை எல்லாம் கண்ணில் படாமல் கீழே வைத்துவிடலாம். தண்ணீரின் மொத்த அளவும் கூடுகிறது. இவற்றைவிட முக்கியமானது, மேல்பரப்புத் தண்ணீர்தான் முதலில் வழிகிறது என்பது. மீன் உணவின் எண்ணெய்ப் பசையும் புரதக் கழிவும் நீரின் மேல்பரப்பில்தான் படலமாகச் சேரும். அந்தப் படலம் இருந்தால் காற்றிலுள்ள உயிர்வளி தண்ணீரில் கரைவது குறையும்.

நம் வானிலையில் இதை அலட்சியம் செய்ய முடியாது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9.1 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வெப்பமான தண்ணீரில் மீனுக்கு உயிர்வளித் தேவை கூடுகிறது; தண்ணீரோ குறைவாகத்தான் தருகிறது. மேல்பரப்பு ஓயாமல் வழிந்து புதுப்பிக்கப்படுவது, மீனுக்கு மூச்சுக் காற்று கிடைக்கச் செய்யும் ஏற்பாடு.

விளிம்புதான் காவலாளி

மேல் தொட்டியின் நீர்மட்டத்தை முடிவு செய்வது எது? பம்பு என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அதை முடிவு செய்வது அந்தப் பெட்டியின் விளிம்பு. பம்பின் வேகத்தைக் கூட்டினால் நீர்மட்டம் விளிம்புக்கு மேல் சில மில்லிமீட்டர் உயரும், அவ்வளவுதான். ஏனென்றால் மட்டம் சற்று உயர்ந்தாலே வழியும் அளவு வேகமாகக் கூடிவிடுகிறது.

கூர்மையான விளிம்பின் மேல் வழியும் நீரின் அளவு, விளிம்புக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தை ஒன்றரை அடுக்கில் பின்தொடரும் என்பது நீரியலில் தெரிந்த விதி. 30 செ.மீ. நீளமுள்ள திறந்த விளிம்பின் மேல் 1 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், தோராயமாக மணிக்கு 2,000 லிட்டர் வழியும். உயரம் 2 செ.மீ. ஆனால், வழிவது இரண்டு மடங்கோடு நிற்காது; ஏறக்குறைய 2.8 மடங்கு, அதாவது 5,600 லிட்டர் ஆகும். யாரும் வால்வைத் திருகவில்லை, எந்த உணர்கருவியும் இல்லை. மட்டம் உயர உயரத் தண்ணீர் தானே கூடுதலாக வெளியேறித் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

பற்கள் இருந்தால் அவை விளிம்பின் நீளத்தில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். பாதி நீளம் அடைபட்டால் அதே அளவு தண்ணீர் வழிய மட்டம் இன்னும் சற்று உயர வேண்டும். பாசியும் இலையும் சிக்கினால் மேலும் உயரும். விளிம்பு நீளமாக இருப்பதே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

ஏரிக்கரையில் இருந்து வந்த பாடம்

தேங்கிய தண்ணீர் எங்கே இருந்தாலும் இந்த விதி ஒன்றுதான். கெலாங் பாத்தாவுக்கு வடக்கே, குனோங் பூலாய் மலையில் சிங்கப்பூரின் குடிநீருக்காக 1920களில் தொடங்கி அமைக்கப்பட்ட நீர்த்தேக்கங்களானாலும் சரி, வரவேற்பறைத் தொட்டியானாலும் சரி, மிகுதி நீருக்கு ஒரு வழி விட்டே ஆக வேண்டும்.

தமிழருக்கு இது மிகப் பழைய அறிவு. தமிழகத்து ஏரிகளில் பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வழிக்கு மதகு அல்லது மடை என்று பெயர். ஏரி நிரம்பிய பிறகு மிகுதி நீர் தானாக வழியும் இடத்துக்குக் கலிங்கு என்று பெயர். தென்மாவட்டங்களில் குளம் நிரம்பி வழிவதை ‘மறுகால் பாய்கிறது’ என்பார்கள். ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் தண்ணீர் வாய்க்கால் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. சங்கிலித் தொடர் ஏரிகள் என்பவை இவையே. மேல் தொட்டி நிரம்பி கீழ்த் தொட்டிக்கு வழியும் நம் மீன் தொட்டியும் இரண்டே கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலிதான்.

மதராஸ் மாகாணத்தில் வேலை செய்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ‘கலிங்குலா’ என்ற வடிவில் அது அவர்களின் பாசன அறிக்கைகளில் புழங்கியது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியிலும் அதற்கு இடம் கிடைத்தது.

பழைய கலிங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டு வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படியே மீன் தொட்டியின் பற்கள். ஆனால் வேலை வேறு. தொட்டியின் பற்கள் மீன் வழிந்து போகாமல் தடுக்கின்றன. கலிங்கின் கற்களோ, மழைக்காலம் முடியும் தருவாயில் அவற்றின் இடையே மண்ணும் புல்கட்டியும் பலகையும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்ள உதவின. அந்த அடைப்பைப் பெருவெள்ளம் வருமுன் அகற்றிவிட வேண்டும். அகற்றத் தவறினால் வழி அடைபட்டு, தண்ணீர் மண்கரையின் மேல் ஏறும், கரையே உடையும்.

ஏரிக்கரை உடையும் அச்சம் எவ்வளவு பெரியது என்பதற்கு மதுராந்தகம் சான்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், ஒரு மழை இரவில் ஏரி உடைந்துவிடுமோ என்று பதறிச் சென்றபோது, வில்லேந்திய இருவர் கரையைக் காவல் காப்பதைக் கண்டார் என்பது அவ்வூரில் வழங்கும் கதை. அங்குள்ள கோயிலில் இருப்பவரை இன்றும் ‘ஏரி காத்த ராமர்’ என்றே அழைக்கிறார்கள்.

வழி இருந்தால் மட்டும் போதாது, அது போதுமான அளவும் இருக்க வேண்டும். குஜராத்தில் மச்சு 2 அணைக்கு மிகுதி நீர் வெளியேறும் வழி இருந்தது. 1979 ஆகஸ்டு 11ஆம் தேதி வந்த வெள்ளமோ அந்த வழியின் கொள்ளளவை மிஞ்சியது. தண்ணீர் மண்கரையின் மேல் ஏறி அதை அரித்துக்கொண்டு போனது. கீழே இருந்த மோர்பி நகரம் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். மீன் தொட்டியில் அத்தகைய பேரழிவு நேராது. ஆனாலும் பொறியாளர் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றே: எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது எவ்வளவு வழியும் என்பதல்ல, மிக மோசமான அந்த ஒரு மணி நேரத்தில் என்ன ஆகும்?

கீழே இறங்கும் குழாய்

விளிம்பைத் தாண்டி வந்த தண்ணீர் குழாய்க்குள் எப்படி இறங்குகிறது என்பதில்தான் மீன் பிரியர்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். காரணம், சத்தம். வாய் திறந்த குழாயில் தண்ணீர் விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். தண்ணீரும் காற்றும் மாறி மாறி இறங்குவதால் ‘களக் களக்’ என்ற ஓசை எழும். படுக்கையறைக்குப் பக்கத்தில் தொட்டி இருந்தால் தூக்கம் போச்சு.

இதற்கு மூன்று தீர்வுகள் பரவலாக இருக்கின்றன. முதலாவது, அமெரிக்க மீன் பிரியர் ரிச்சர்ட் டர்சோவின் பெயரால் வழங்கும் டர்சோ குழாய். இதில் குழாயின் தலை மூடப்பட்டு, தண்ணீர் பக்கவாட்டில் கீழ்நோக்கிய வளைவு வழியே நுழையும். தலையில் ஒரு சிறு துளை மட்டும் காற்றை அளவாக உள்ளே விடும். காற்று சீராக நுழைவதால் சத்தம் அடங்கும்.

இரண்டாவது, ஹெர்பி முறை. இதில் இரண்டு குழாய்கள். முதல் குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். அதன் கீழ்முனையில் ஒரு வால்வு. வால்வைச் சரியாகத் திருகினால் குழாயில் காற்றே இல்லாமல் தண்ணீர் மட்டும் நிறைந்து ஓடும். காற்று இல்லை, ஆகவே சத்தமும் இல்லை. இரண்டாம் குழாயின் வாய் உயரத்தில், வழக்கமாக உலர்ந்தே நிற்கும். முதல் குழாய் அடைத்துக்கொண்டால் மட்டும் அதற்கு வேலை.

மூன்றாவது, பீன் அனிமல் என்ற விளையாட்டுப் பெயர் கொண்ட மூன்று குழாய் முறை. ஒன்று முழுதாக நிறைந்து ஓடும். இன்னொன்றில் கொஞ்சம் தண்ணீர் மெல்லியதாக வழிந்தபடி இருக்கும். மூன்றாவது அவசரத்துக்கு. முதல் குழாய் அடைபட்டால் இரண்டாவது குழாயில் ஓட்டம் கூடி, சத்தம் எழுப்பிக் காட்டிக்கொடுக்கும். பிரச்சினை வந்ததை வீட்டாருக்குச் சொல்லும் அலாரமாகவும் அது அமைந்துவிடுகிறது.

நிறைந்து ஓடும் குழாய்க்கு ஏன் இவ்வளவு வேகம்? மேல் நீர்மட்டத்துக்கும் கீழ் நீர்மட்டத்துக்கும் இடையே 70 செ.மீ. வேறுபாடு இருந்தால், உராய்வே இல்லாத நிலையில் தண்ணீர் நொடிக்கு 3.7 மீட்டர் வேகத்தில் வெளியேறும். 25 மி.மீ. உள்விட்டம் கொண்ட குழாயில் அது மணிக்கு 6,500 லிட்டர். நிஜத்தில் உராய்வும் வளைவுகளும் வால்வும் அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அப்படியிருந்தும் காற்றோடு பகிர்ந்துகொண்டு ஓடும் குழாயைவிட இது அதிகம் கடத்தும்.

துளையில்லாத தொட்டியும் வடிகுழாயும்

அடியில் துளை போடாத தொட்டிக்கு விளிம்பில் மாட்டும் பெட்டி உண்டு. கண்ணாடி பதப்படுத்தப்பட்டதாக இருந்தால் துளையிடும்போது நொறுங்கிவிடும். அத்தகைய தொட்டிக்கு இதுதான் வழி. உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, இரண்டையும் இணைத்துத் தொட்டியின் விளிம்பைத் தாண்டிச் செல்லும் வளைந்த குழாய். அதுதான் சைஃபன், தமிழில் வடிகுழாய்.

வடிகுழாய் ஒன்றும் மாயமில்லை. குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை, இரு பக்கமும் உள்ள நீர்ப்பரப்பை வளிமண்டலம் அழுத்திக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் மட்டம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். மட்டம் சமமானால் நின்றுவிடும். இரு முனைகளும் தண்ணீருக்குள் மூழ்கியே இருந்தால், பம்பு நின்று மீண்டும் ஓடும்போது தானே தொடரும்.

இதன் எதிரி காற்று. ஓட்டம் மெதுவாக இருந்தால் சிறு குமிழிகள் குழாயின் உச்சியில் சேர்ந்துகொண்டே வரும். ஒரு நாள் அவை தொடர்பை அறுத்துவிடும். அப்போது இறங்கும் வழி மூடிவிட்டது; பம்போ மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் இவ்வகைப் பெட்டியில் குழாயின் வேகம் குமிழிகளை அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு இருக்க வேண்டும். உச்சியில் சேரும் காற்றை உறிஞ்ச ஒரு சிறு பம்பையும் சிலர் பொருத்துகிறார்கள். ஆனால் அந்தச் சிறு பம்பும் மின்சாரத்தையே நம்பியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

முதல் கணக்கு: பம்பு நின்றால்

இனி எண்களுக்கு வருவோம். கெலாங் பாத்தாவில் என் பெரியப்பா வீட்டில் இருக்கும் தொட்டியின் அளவுகளையே எடுத்துக்கொள்கிறேன். மேல் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். பரப்பளவு 5,400 சதுர செ.மீ. அதாவது நீர்மட்டம் 1 செ.மீ. இறங்கினால் 5.4 லிட்டர் வெளியேறியிருக்கிறது என்று பொருள். இந்த ஓர் எண் கையில் இருந்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான்.

பம்பு ஓடும்போது நீர்மட்டம் விளிம்புக்கு மேல் 1 செ.மீ. நிற்கிறது. பம்பு நின்றதும் அந்த 1 செ.மீ. வழிந்துவிடும்: 5.4 லிட்டர். இதோடு முடிந்ததா? இல்லை. தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாயின் வாய் விளிம்புக்கு 3 செ.மீ. கீழே, தண்ணீருக்குள் இருக்கிறது. பம்பு நின்றதும் அதே குழாய் எதிர்த்திசையில் வடிகுழாயாக மாறிவிடும். வாய்க்குள் காற்று நுழையும்வரை, அதாவது மேலும் 3 செ.மீ. இறங்கும்வரை, தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்: 16.2 லிட்டர். பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பதை 3 லிட்டர் என்று வைத்தால், மொத்தம் ஏறக்குறைய 25 லிட்டர்.

கீழ்த் தொட்டி 75 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம். ஓடும்போது 22 செ.மீ. வரை தண்ணீர். மீதி 13 செ.மீ. வெற்றிடம், அதில் 34 லிட்டர் பிடிக்கும். 25 லிட்டர் வந்தாலும் தாங்கும்.

இப்போது ஒன்றே ஒன்றை மாற்றுவோம். அழகுக்காக மேலேறும் குழாயின் வாயை விளிம்புக்கு 8 செ.மீ. கீழே திருப்பி வைத்தால்? 1 செ.மீ. கூட்டல் 8 செ.மீ., பெருக்கல் 5.4, அதோடு 3 லிட்டர். மொத்தம் 51 லிட்டருக்கு மேல். கீழ்த் தொட்டியில் இடம் 34 லிட்டர்தான். மீதி 17 லிட்டர் தரையில். பம்பு பழுதில்லை, கண்ணாடி உடையவில்லை. ஒரு குழாயின் வாய் 5 செ.மீ. தாழ்ந்ததுதான் காரணம்.

நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போட்டால், மட்டம் அங்கே வந்ததும் காற்று நுழைந்து வடிகுழாயை அறுத்துவிடும். நல்ல உபாயம்தான். ஆனால் அந்தத் துளையைப் பாசியோ சிறு நத்தையோ அடைத்துவிடலாம். ஒருவழி வால்வும் அப்படித்தான். ஒரு மணல்துகள் சிக்கினால் முழுதாக மூடாது. ஆகவே துளையும் வால்வும் கூடுதல் பாதுகாப்பாக இருக்கட்டும். கீழ்த் தொட்டியின் வெற்றிடம்தான் உண்மையான பாதுகாப்பு. வெற்றிடம் பழுதாவதில்லை.

இரண்டாம் கணக்கு: வழி அடைத்தால்

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மின்சாரம் இருக்கிறது, பம்பு ஓடுகிறது. ஆனால் இறங்கும் குழாயில் ஓர் இலையோ செத்த மீனோ சிக்கிவிட்டது. அப்போது பம்பு கடைசி அறையில் உள்ள தண்ணீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும்.

அந்த அறை 25 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம். பம்பின் வாய்க்கு மேல் 14 செ.மீ. தண்ணீர். மொத்தம் ஏறக்குறைய 12 லிட்டர். மேல் தொட்டியில் அது 2.3 செ.மீ. உயரத்தைக் கூட்டும். தொட்டியின் மேல்விளிம்புக்கும் ஓடும் நீர்மட்டத்துக்கும் இடையே 3 செ.மீ. இருந்தால் தப்பித்தோம். பம்பு வறண்டு ஓடிப் பழுதாகலாம், ஆனால் தரை நனையாது.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒரு பொறியையும் பார்க்க வேண்டும். மேல் தொட்டியின் மட்டத்தை விளிம்பு பூட்டி வைத்திருப்பதால், ஆவியாகும் தண்ணீரின் குறைவு அங்கே தெரியாது. கீழே கடைசி அறையில்தான் தெரியும். மேலே 3 மி.மீ. ஆவியானால் அது 1.6 லிட்டர், கடைசி அறையில் ஏறக்குறைய 2 செ.மீ. இறக்கமாகக் காட்டும். அதைத் தானாக நிரப்ப மிதவைக் கருவி வைப்பவர்கள் உண்டு. குழாய் அடைத்து கடைசி அறை காலியானால், ‘தண்ணீர் குறைந்துவிட்டது’ என்று அந்தக் கருவி தவறாக நினைத்து மேலும் ஊற்றத் தொடங்கும். அதன் வாளியில் 20 லிட்டர் இருந்தால் மேல் தொட்டிக்கு இன்னும் 3.7 செ.மீ. கூடும். அப்போது 3 செ.மீ. இடைவெளி எதற்கும் காணாது. புதிய கருவி ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம் இரண்டு கணக்கையும் மறுபடி போட வேண்டும் என்பது இதனால்தான்.

தண்ணீரும் மின்சாரமும்

தரையில் சிந்தும் 17 லிட்டர் துடைத்தால் போய்விடும். அலமாரிக்குள் இருக்கும் மின்செருகிக்குள் அது புகுந்தால் கதை வேறு. செருகிகளைக் கீழ்த் தொட்டியின் விளிம்பைவிட உயரத்தில், பக்கச்சுவரில் பொருத்துங்கள். ஒவ்வொரு மின்கம்பியும் செருகிக்குப் போகுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கட்டும். கம்பி வழியே ஓடிவரும் துளி அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், செருகிக்குள் ஏறாது. தொட்டிக்கான மின்வழியில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்று பதிவுபெற்ற மின்பணியாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். தொட்டிக்குள் கை விடும்போது செருகியைக் கழற்றிவிடுவது நல்லது.

கடல்குதிரைக்கு அருகில் வாழும் நமக்கு

கெலாங் பாத்தாவை ஒட்டி ஓடும் சுங்கை பூலாயின் முகத்துவாரக் கண்டல் காடு, 2003ஆம் ஆண்டில் ராம்சார் சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் வாயில் உள்ள கடல்புல் திட்டுகள் கடல்குதிரைகளின் வாழ்விடம். கடல்குதிரை மிக மெதுவாக நீந்தும் உயிரினம். வாலால் எதையாவது பற்றிக்கொண்டுதான் ஓட்டத்தைச் சமாளிக்கும். வேகமாக இழுக்கும் பற்களின் இடுக்கில் இத்தகைய உயிர்கள் சிக்கினால் மீள முடியாது. அதனால் மென்மையான உயிர்களை வளர்க்கும் பண்ணைகளில் விளிம்பை நீளமாக்கி, வழியும் நீரின் வேகத்தைக் குறைக்கிறார்கள்; பற்களின் முன்னே மெல்லிய வலையும் வைக்கிறார்கள்.

கடல்குதிரைகளின் அனைத்துலக வணிகம் 2004 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நம் வீட்டுத் தொட்டிக்காகக் கடல்புல் திட்டிலிருந்து எதையும் அள்ளி வருவது சரியல்ல. அங்கே அலையேற்றமும் அலையிறக்கமும் நாள்தோறும் செய்யும் வேலையைத்தான் நாம் ஒரு பம்பாலும் ஒரு விளிம்பாலும் சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறோம்.

பத்து நிமிடச் சோதனை

வீட்டில் இப்படியொரு தொட்டி இருந்தால் இந்த வார இறுதியில் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். பழைய துண்டுகளும் ஒரு வாளியும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒன்று: கீழ்த் தொட்டியின் நீர்மட்டத்தை ஒட்டுத்தாளால் குறியுங்கள். பம்பின் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் இறங்கி நிற்கும்வரை காத்திருந்து, மட்டம் எங்கே நிற்கிறது என்று இரண்டாவது குறி போடுங்கள். ஓடும்போது தண்ணீர் முதல் குறியைத் தாண்டக் கூடாது என்பதுதான் இனி உங்கள் வீட்டு விதி.

இரண்டு: பம்பை மறுபடி போடுங்கள். குழாய் தானாகவே பழைய ஓட்டத்துக்குத் திரும்புகிறதா? மேல் தொட்டியின் மட்டம் வழக்கமான இடத்தில் நிற்கிறதா? மின்சாரம் திரும்பும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்று: முதன்மையான இறங்கு குழாயின் வால்வை மூடுங்கள். அவசரக் குழாய் இருந்தால் அது முழு ஓட்டத்தையும் ஏற்கிறதா? இல்லையென்றால், கடைசி அறை காலியாகும்போது மேல் மட்டம் எவ்வளவு உயர்கிறது? விளிம்பை நெருங்கினால் உடனே பம்பை அணைத்துவிட்டு, கடைசி அறையில் தண்ணீரைக் குறைத்து மீண்டும் செய்யுங்கள்.

தொட்டி இல்லாதவர்களும் இதைக் கற்கலாம். மேசைமேல் ஒரு வாளி, தரையில் ஒரு வாளி, நடுவே ஒரு மீட்டர் ரப்பர் குழாய். குழாயைத் தண்ணீரால் நிரப்பி வடிகுழாய் அமையுங்கள். மேல்முனையைத் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் விடுகிறீர்களோ அவ்வளவு ஆழம்வரை வாளி காலியாகும். முனையை உயர்த்தினால் முன்னதாகவே நிற்கும். நாம் போட்ட முதல் கணக்கு முழுவதும் அந்த இரண்டு வாளிக்குள் அடங்கிவிடும். பள்ளி அறிவியல் விழாவுக்கும் இது நல்ல காட்சிப்பொருள்.

இந்தத் துறையில் ஆர்வம் வந்தால் மேற்படிப்புக்கும் வழி இருக்கிறது. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியல் படிப்பவர்கள் விளிம்பின் மேல் வழியும் நீரைச் சோதனைக்கூடத்தில் அளந்து படிக்கிறார்கள். மீன்வளர்ப்பில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நீர்வாழ் உயிரின வளர்ப்புப் படிப்புகள் உண்டு. நேர்முகத்தேர்வில் ‘ஏன் இந்தத் துறை?’ என்று கேட்டால், வீட்டுத் தொட்டியில் நீங்கள் அளந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள்.

அதற்கு முன், அடுத்த இடிமழை வருமுன், உங்கள் வீட்டுக் கீழ்த் தொட்டியில் எத்தனை லிட்டர் வெற்றிடம் இருக்கிறது என்று அளந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.